காம்போசிஷனில் இருந்துகொண்டு கடல் கடந்து விற்கலாமா?



போன மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தம்பி வந்து கேட்டார். "ஏனுங்கண்ணா, நான் ஜிஎஸ்டியில காம்போசிஷன் எடுத்திருக்கேன். சிங்கப்பூர்ல இருந்து மாசம் அம்பது கிலோ மஞ்சள் தூள் கேக்கறாங்க. அனுப்பிரலாமுங்களா?" பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டு, "ஏற்றுமதிக்குத்தான் வரியே கிடையாதே, தாராளமா அனுப்பு" என்றார். நான் தம்பியின் கையைப் பிடித்து, "அனுப்பாதீங்க. முதல்ல இங்க உட்காருங்க" என்றேன்.

நான் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. இதே தவறை நான் செய்து பணம் கட்டியவன். வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன், மற்றவர்களின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துக் கடன் கொடுத்தவன். அப்படியிருந்தும் சறுக்கினேன். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

என் கதை

நாங்கள் அக்கம்பக்கத்து ஐந்து குடும்பங்களின் நிலக்கடலை, எள், மஞ்சளை வாங்கி, மரச்செக்கு எண்ணெயும் மஞ்சள் தூளும் செய்து விற்கிறோம். தொழில் என் பெயரில் இருக்கிறது. விற்பனை வருடம் 40 லட்சத்தைத் தாண்டியதும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தேன். 'மாதாமாதம் ரிட்டன் போடற வேலை நமக்கெதுக்கு' என்று காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தேன். விற்றதில் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வரி. வேலை முடிந்தது.

ஒரு ஆகஸ்ட் மாதம் கோலாலம்பூரில் இருக்கும் தெரிந்த குடும்பம் மஞ்சள் தூளும் நாட்டுச் சர்க்கரையும் கேட்டது. 14,500 ரூபாய்க்கு ஒரு பார்சல். கூரியரில் அனுப்பினேன், பணமும் வந்தது. வழக்கமான பில் புத்தகத்திலேயே ஒரு தாளைக் கிழித்து வைத்தேன். 'நம்ம சரக்கு மலேசியா போயிருச்சு' என்று வீட்டில் பாயசம் வைக்காத குறைதான்.

மார்ச் முடிந்து கணக்கைக் கொண்டுபோய் ஆடிட்டரிடம் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். "சார், இது என்ன வெளிநாட்டு வரவு?" சொன்னேன். "இந்தப் பார்சல் கிளம்பின தேதியோட உங்க காம்போசிஷன் போச்சு சார்" என்றார்.

அதாவது, ஆகஸ்டில் அந்தப் பார்சல் கிளம்பிய நாளிலிருந்து நான் சாதாரண வரிதாரர். அன்றிலிருந்து மார்ச் 31 வரை உள்ளூரில் விற்ற ஒவ்வொரு லிட்டர் எண்ணெய்க்கும் 5 சதவீதம் வரி கட்ட வேண்டும். வாங்கியவர்களிடம் நான் வரி வசூலிக்கவில்லை. அவர்களைத் தேடிப்போய்க் கேட்க முடியுமா? என் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அந்த இடைக்காலத்து உள்ளூர் விற்பனை 36,75,000 ரூபாய். வரியும் சேர்ந்த விலை என்று எடுத்துக்கொண்டு 105க்கு 5 என்று கணக்கிட்டால், வரி 1,75,000 ரூபாய். இதே விற்பனைக்கு ஒரு சதவீதமாக நான் கட்டியிருந்தது 36,750 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் 1,38,250 ரூபாய். இதற்கு மேல் 18 சதவீத வட்டி, போடாமல் விட்ட ரிட்டன்களுக்குத் தாமதக் கட்டணம். நோட்டீஸ் வருவதற்கு முன் நாங்களே கணக்குப் போட்டு வட்டியோடு கட்டியதால் அபராதம் இல்லாமல் தப்பினேன். எல்லாம் 14,500 ரூபாய்ப் பார்சலுக்காக.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. விதி புத்தகத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை.

காம்போசிஷன் என்றால் என்ன?

தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்தது. அதில் சிறு தொழில்களுக்காக வைத்த எளிய வழி காம்போசிஷன், சட்டத்தின் 10-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் வருட விற்பனை 1.5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் சேரலாம். பொருள் தயாரிப்பவருக்கும் வியாபாரிக்கும் வரி 1 சதவீதம். மத்திய அரசுக்கு அரை, மாநிலத்துக்கு அரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.எம்.பி.-08 படிவத்தில் பணம் கட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஜி.எஸ்.டி.ஆர்.-4 போட வேண்டும். அவ்வளவுதான்.

இந்த எளிமைக்கு மூன்று விலைகள் உண்டு.

ஒன்று, வாங்குபவரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வசூலிக்கக் கூடாது. டாக்ஸ் இன்வாய்ஸ் போட முடியாது, 'பில் ஆஃப் சப்ளை' மட்டும்தான்.

இரண்டு, நாம் வாங்கும் பாட்டில், இயந்திரம், ஆய்வகக் கட்டணம் எதிலும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. இதைத்தான் உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள்.

மூன்று, சரக்கை மாநிலம் தாண்டி விற்கக் கூடாது. ஓசூரிலிருந்து பெங்களூருக்குக்கூட முடியாது.

மூன்றாவது விலையில்தான் வெளிநாடும் அடங்குகிறது. ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 7-ஆம் பிரிவு, விற்பவர் இந்தியாவிலும் சரக்கு சேரும் இடம் வெளிநாட்டிலும் இருந்தால், அதை மாநிலம் விட்டு மாநிலம் நடந்த விற்பனையாகவே வைக்கிறது. ஆகவே சட்டத்தின் கண்ணில் கோலாலம்பூரும் பெங்களூரும் ஒன்றுதான். 'ஏற்றுமதி கூடாது' என்று காம்போசிஷன் பிரிவில் தேடினால் கிடைக்காது. அதனால்தான் பலபேர் ஏமாந்துபோகிறோம்.

ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பது உண்மைதானே?

உண்மை. ஆனால் அது எப்படி இல்லாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

'வரிவிலக்கு' வேறு, 'பூஜ்ய வரி' வேறு. புதுத் தேங்காயை உள்ளூரில் விற்றால் அது வரிவிலக்கு. நாம் விற்பதற்கு வரி இல்லை. ஆனால் நாம் வாங்கிய சாக்குக்கும் மற்றதற்கும் கட்டிய வரி திரும்பி வராது. அது விலைக்குள் ஒளிந்திருக்கும். ஏற்றுமதி பூஜ்ய வரி. விற்கும்போதும் வரி இல்லை, வழியில் ஒட்டிக்கொண்ட வரியையும் அரசு திருப்பித் தருகிறது. உள்நாட்டில் வரிவிலக்கு உள்ள பொருளாக இருந்தாலும் ஏற்றுமதி செய்தால் இந்த வரவு உண்டு. நம் வரியை வெளிநாட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள கொள்கை.

வழியில் ஒட்டிய வரியைத் திருப்பித் தர வேண்டுமானால் எவ்வளவு ஒட்டியது என்று கணக்கு வேண்டும். காம்போசிஷன்காரர் அந்தக் கணக்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். பிறகு எதை வைத்துத் திருப்பித் தருவார்கள்?

நமக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், இது இயற்கைச் சான்று வாங்குவது போல. நிலத்தில் ஒரு சொட்டு ரசாயனம் போடாமல் இருக்கலாம். ஆனால் என்ன விதைத்தோம், என்ன தெளித்தோம், எப்போது அறுத்தோம் என்ற பண்ணைக் குறிப்பேடு இல்லை என்றால் சான்று கிடைக்காது. குறிப்பேடு எழுதும் சிரமத்தை விட்டவருக்குச் சான்றின் விலையும் இல்லை. பூஜ்ய வரியும் அப்படித்தான்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சங்கடம் அல்ல. இங்கிலாந்தில் 2002-இலிருந்து சிறு தொழில்களுக்கு ஒரு ஃபிளாட் ரேட் வாட் திட்டம் இருக்கிறது. 1.5 லட்சம் பவுண்டு வரை விற்பனை எதிர்பார்ப்பவர் சேரலாம். மொத்த விற்பனையில் தொழிலுக்கு ஏற்ற ஒரு சதவீதத்தைக் கட்டினால் போதும். அங்கே சரக்கு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. ஆனால் ஏற்றுமதி விற்பனையும் அந்த மொத்தத்தில் சேர்ந்துவிடும். வரியே இல்லாத விற்பனைக்கும் சதவீதம் கட்ட வேண்டும். ஏற்றுமதி அதிகம் உள்ளவர் அந்தத் திட்டத்தில் இருந்தால் நஷ்டம். அவர்கள் கதவைத் திறந்து வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். நம் சட்டம் கதவையே மூடிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எளிய திட்டத்தில் கணக்குச் சங்கிலி அறுந்துவிடுகிறது.

நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

1. சொந்த நிலத்து விளைச்சலை அப்படியே விற்பவர். சொந்த உழைப்பிலோ, குடும்பத்தார் உழைப்பிலோ, உங்கள் மேற்பார்வையில் கூலியாட்களைக் கொண்டோ சாகுபடி செய்தால் நீங்கள் சட்டப்படி 'விவசாயி'. அந்த விளைச்சலை விற்பதற்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஏற்றுமதியாளர் வாங்க வந்தால் தைரியமாக விற்கலாம். விளைச்சலை எண்ணெயாக, தூளாக மாற்றி விற்றால் இந்தச் சலுகை பேசாது.

2. பதிவு இல்லாமல் சிறிய அளவில் மதிப்புக்கூட்டி விற்பவர். பொருள் மட்டும் விற்று, வருடம் 40 லட்சத்துக்குள் இருந்தால், தமிழ்நாட்டுக்குள் விற்கப் பதிவு வேண்டாம். ஆனால் வரி உள்ள பொருளை வெளிநாட்டுக்கு விற்றால் 40 லட்சம் என்ற வரம்பு செல்லாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். அந்தப் பதிவு காம்போசிஷனாக இருக்க முடியாது.

3. காம்போசிஷனில் இருப்பவர். நேரடியாக அனுப்ப முடியாது. தமிழ்நாட்டிலேயே உள்ள ஏற்றுமதி வியாபாரிக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ விற்கலாம். அது உள்ளூர் விற்பனை. அவர்கள் வெளியே அனுப்புவது அவர்கள் கணக்கு. ஆனால் நம்மிடம் வாங்கியதில் அவர்களுக்கு வரி வரவு கிடைக்காது, அதனால் விலையைக் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள்.

4. சாதாரண முறையில் பதிவு செய்தவர். எங்கும் விற்கலாம். ஏற்றுமதிக்கு எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி தளத்தில் ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் கொடுத்தால், வரி கட்டாமலே அனுப்பலாம். இது ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டியது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போக வேண்டும்.

நாலாவது வழியில் என்ன திரும்பி வரும்? ஒரு உதாரணம். ஏற்றுமதிச் சரக்குக்காக பிளாஸ்டிக் டப்பா 20,000, ஆய்வகப் பரிசோதனை 10,000, சரக்கு அனுப்பும் ஏஜென்ட் கட்டணம் 15,000 என்று வைப்போம். 18 சதவீதம் வீதம் வரி 3,600, 1,800, 2,700. மொத்தம் 8,100 ரூபாய். காம்போசிஷன்காரருக்கு இது போனது போனதுதான். சாதாரண முறையில் இருப்பவர் உள்ளூர் விற்பனை வரியில் கழிக்கலாம், அல்லது இரண்டு வருடத்துக்குள் ஆர்.எஃப்.டி.-01 போட்டுத் திரும்பக் கேட்கலாம். உள்ளூர், ஏற்றுமதி இரண்டும் செய்பவருக்கு மொத்த விற்பனையில் ஏற்றுமதியின் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் பணமாகத் திரும்பும். இயந்திரம் வாங்கிய வரி இந்தப் பணத்தில் சேராது. அதை உள்ளூர் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

மாறலாமா, வேண்டாமா?

காம்போசிஷன் மோசம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்குள் நேரடியாக வீடுகளுக்கு விற்பவருக்கு அது நல்ல திட்டம். ஆர்வக் கோளாறில் மாறாதீர்கள். ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

உள்ளூர் விற்பனை 45 லட்சம் என்று வைப்போம். காம்போசிஷனில் வரி 45,000. சாதாரண முறையில், விலையை ஏற்றாமல் இருந்தால், 45 லட்சத்துக்குள் அடங்கிய 5 சதவீத வரி சுமார் 2,14,000. வருடம் 5 லட்சத்துக்கு டப்பா, பாட்டில் வாங்கினால் 18 சதவீதத்தில் 90,000 வரவு. கழித்தால் கட்ட வேண்டியது 1,24,000. கூடுதல் செலவு சுமார் 79,000 ரூபாய். வெளிநாட்டு விற்பனையில் உள்ளூரைவிடக் கிடைக்கும் அதிக லாபம் வருடத்துக்கு இந்த 79,000-ஐத் தாண்டுமா? தாண்டினால் மாறுங்கள். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று இரண்டு பார்சல்தான் என்றால் மாறாதீர்கள், ஏற்றுமதியாளர் மூலம் போங்கள்.

ரிட்டன் வேலைக்குப் பயந்து காம்போசிஷனில் ஒளிந்தவன் நான். இப்போது சொல்கிறேன், அந்தப் பயம் பாதி வீண். 5 கோடி வரை விற்பனை உள்ளவர் சாதாரண முறையிலும் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டன் போடலாம். காம்போசிஷனில் வருடம் ஐந்து தாக்கல், இதில் எட்டு. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்குப் பணம் மட்டும் சலானில் கட்ட வேண்டும். பால் கணக்கு எழுதுகிற வீட்டுக்கு இது பெரிய வேலை இல்லை.

மாறுவதென்றால் முறையாக

வெளிநாட்டு ஆர்டர் உறுதியாகும் முன்பே சி.எம்.பி.-04 படிவம் கொடுத்து வெளியே வாருங்கள். நிபந்தனை மீறப்பட்ட பிறகு கொடுப்பதென்றால் ஏழு நாள்தான் கெடு. வெளியே வந்த 30 நாளுக்குள் ஐ.டி.சி.-01 படிவத்தில், முந்தின நாள் கையிருப்பில் இருந்த சரக்குக்கும் மூலப்பொருளுக்கும் கட்டிய வரியை வரவாகக் கேட்கலாம். நான் கோட்டைவிட்டதில் இதுவும் ஒன்று. திரும்பக் காம்போசிஷனுக்கு வர நினைத்தால், அடுத்த நிதியாண்டு தொடங்கும் முன் சி.எம்.பி.-02 கொடுக்க வேண்டும்.

'ஒரு பதிவை காம்போசிஷனில் வைத்து, இன்னொன்றைச் சாதாரண முறையில் எடுக்கலாமே' என்று சிலர் யோசிப்பார்கள். ஒரே பான் எண்ணில் அது நடக்காது. ஒரு பான் என்றால் எல்லாப் பதிவும் ஒரே முறைதான்.

ஜிஎஸ்டியோடு முடியவில்லை. நீங்களே அனுப்புவதென்றால் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் ஐ.இ.சி. எண் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், உங்கள் பான் எண்ணே அந்த எண். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதன் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். 'இயற்கை விளைபொருள்' என்று லேபிள் ஒட்டி அனுப்ப அபெடாவின் கீழ் வரும் என்.பி.ஓ.பி. சான்று வேண்டும். நம்மில் பலர் வைத்திருக்கும் பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டு விற்பனைக்குத்தான். இத்தனையும் தனியாளாகச் செய்வதைவிட, உறுப்பினர்கள் விளைச்சலை உள்ளூரில் கொடுத்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சாதாரணப் பதிவோடும் குழுச் சான்றோடும் அனுப்புவதே நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகள்

"பணம் ரூபாயாகத்தான் வந்துச்சு, அப்பவும் ஏற்றுமதியா?" ஆமாம். சரக்கைப் பொறுத்தவரை அது நாட்டை விட்டு வெளியே போனதா என்பதுதான் கேள்வி. மகன் ஊரிலுள்ள கணக்கிலிருந்து ஜிபே போட்டாலும், பார்சல் துபாய்க்குப் போனால் ஏற்றுமதிதான்.

"வெளிநாட்டுப் பையன் பணம் போடறான், சரக்கு மதுரையில இருக்கற அவங்க அம்மாவுக்கு." சரக்கு தமிழ்நாட்டிலேயே சேருகிறது. பில்லில் மதுரை முகவரியை எழுதுங்கள். உள்ளூர் விற்பனை. 2023 அக்டோபரிலிருந்து, பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்கும்போது பில்லில் எழுதும் முகவரிதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. வெளிநாட்டு முகவரியை எழுதி வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

"விடுமுறைக்கு வந்தவங்க தோட்டத்துலயே வாங்கிப் பெட்டியில போட்டுக்கறாங்க." கையில் கொடுத்துப் பணம் வாங்கினால் உள்ளூர் விற்பனை. அவர்கள் விமானம் ஏறுவது அவர்கள் பாடு. இதற்கும் பில்லில் அந்த நாட்டு முகவரி வேண்டாம்.

அந்தத் தம்பி இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? காம்போசிஷனிலேயே இருக்கிறார். மாதம் ஐம்பது கிலோவை ஈரோட்டில் ஒரு ஏற்றுமதி வியாபாரிக்குக் கொடுக்கிறார், அது சிங்கப்பூர் போகிறது. கிலோவுக்குக் கொஞ்சம் குறைகிறதாம். "ராத்திரி தூக்கம் வருதுங்கண்ணா" என்றார். ஆர்டர் பெருகினால் அடுத்த ஏப்ரலில் மாறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மார்ச் மாதம் அவருக்கு நினைவுபடுத்த வேண்டும் என்று என் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தால், பார்சலைக் கட்டும் முன் உங்கள் ஜிஎஸ்டி சான்றிதழை எடுத்து, அதில் 'காம்போசிஷன்' என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.